நீருக்கு முன்செல்லும் செய்தி

சிங்கப்பூரில் ஹில் தெரு வழியே செல்வோர், செங்கல்லும் வெண்சாந்தும் மாறி மாறி வரியிட்டாற்போல் விளங்கும் பழைய கட்டடம் ஒன்றைக் கண்டிருப்பர். 1909ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நடுவண் தீயணைப்பு நிலையம் அது. அதன்மேல் ஏறத்தாழ 100 அடி உயரத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. நனைந்த தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்த அக்கோபுரம் பயன்பட்டது. ஆயினும் அதற்கு வேறொரு பயனும் உண்டு. வானளாவும் கட்டடங்கள் எழாத அந்நாளில், காவற்காரர் அதன் உச்சியில் நின்று நகரெங்கும் கண்ணோட்டி, எங்கேனும் புகை எழுகின்றதா என்று பார்த்திருப்பர்.

“நெருப்பை அணைக்கத் தண்ணீர் அன்றோ வேண்டும்? கோபுரம் எதற்கு?” என்று ஒரு மாணவன் வினவினால், அது நல்ல வினாவே ஆகும். அதற்கு விடை காணப் புகின், தீயணைப்பின் வரலாற்றில் பாதியை நாம் அறிந்தவராவோம். தீயணைப்பு வீரரின் துணிவையும், செந்நிற வண்டிகளையும், நெடிய ஏணிகளையும் எல்லாரும் அறிவர். ஆனால், நெருப்பு மூண்டது என்னும் செய்தி வீரர் இருக்கும் இடத்திற்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அச்செய்தியை ஏற்றவர் யார், ஏற்றவர் என்ன செய்தார் என்பவற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நகரங்கள் எரிந்த வரலாறுகளைப் புரட்டினால், தண்ணீர் இல்லாமையால் விளைந்த கேட்டிற்குச் சற்றும் குறையாதது செய்தி தவறியதால் விளைந்த கேடு என்பது புலனாகும்.

சிங்கப்பூர்த் தீயணைப்புப் படை ஆங்கில முறையைத் தழுவி அமைந்தது. ஆதலின் இவ்வரலாற்றை இலண்டன் மாநகரிலிருந்தே தொடங்குவோம்.

உறங்கச் சென்ற மேயர்

1666ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பொழுது புலர்வதற்கு முன், இலண்டன் பாலத்திற்கு அருகில் புட்டிங் சந்து என்னும் குறுகிய தெருவில், தாமஸ் பாரினர் என்னும் ரொட்டிக் கடைக்காரரின் வீட்டில் நெருப்புப் பற்றியது. கோடை வறட்சியில் காய்ந்து கிடந்த மர வீடுகள் தோளோடு தோள் உரசி நின்றன. கிழக்கிலிருந்து வலிய காற்று வீசியது.

அந்நாளில் இலண்டனுக்கெனத் தீயணைப்புப் படை ஒன்று இல்லை. தேவாலயங்களில் தோல் வாளிகளும், ஏணிகளும், நீண்ட கழிகளில் பூட்டிய இரும்புக் கொக்கிகளும் வைத்திருப்பர். நெருப்பைக் கண்டால் தேவாலய மணிகளை வழக்கத்திற்கு மாறாகத் தலைகீழ் வரிசையில் அடிப்பர். அவ்வோசை கேட்டு மக்கள் ஓடி வருவர். எரியும் வீட்டிற்கு அப்பாலுள்ள வீடுகளைக் கொக்கியிட்டு இழுத்துத் தள்ளி, நெருப்புக்கு இரை கிடையாதவாறு இடைவெளி உண்டாக்குவதே அக்காலத்தார் நம்பிய வழி.

அன்று செய்தி வராமல் இல்லை. மேயர் தாமஸ் பிளட்வொர்த் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டார்; நேரில் வந்தும் பார்த்தார். எனினும் அதனை அவர் பெரிதாகக் கொள்ளவில்லை. மீண்டும் உறங்கச் சென்றார். வீட்டுக்காரரின் இசைவின்றி வீடுகளை இடிப்பின் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு என்னும் தயக்கமும் அவருக்கு இருந்தது. அவர் தயங்கிய அந்தச் சில நாழிகையில் நெருப்பு தேம்சு ஆற்றங்கரைப் பண்டசாலைகளை எட்டிவிட்டது. இலண்டன் பாலத்தின் அடியில் நகருக்குத் தண்ணீர் இறைத்த நீர்ச் சக்கரங்களும் எரிந்தன. நான்கு நாள்கள் எரிந்த அத்தீயில் 13,200 வீடுகளும், 87 தேவாலயங்களும், புனித பவுல் பேராலயமும் அழிந்தன.

இந்நிகழ்ச்சியை ஆராய்வோர் மரவீடுகளையும் காற்றையும் குறை கூறுவர். அது சரியே. ஆனால் ஒன்று நினைவிலிருத்தற்குரியது. செய்தி வருதல் வேறு. வந்த செய்தியின் பொருளை உணர்ந்து உடனே ஆணையிடுதல் வேறு. இவ்விரண்டையும் தொழிலாகக் கொண்டோர் ஒருவரும் அந்நகரில் இல்லை.

பரிசுக்கு ஓடிய வண்டிகள்

பெருந்தீக்குப் பின் இலண்டனில் தீக் காப்புறுதி நிறுவனங்கள் தோன்றின. தாம் காப்புறுதி செய்த வீடு எரிந்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள், அவ்வீடு எரியாமற் காப்பதற்கும் ஆள்களை வைத்துக்கொண்டனர். தேம்சு ஆற்றின் படகோட்டிகளே பெரும்பாலும் அவ்வேலைக்கு அமர்த்தப்பட்டனர். எந்த நிறுவனத்தின் காப்பில் உள்ள வீடு என்பதைக் காட்ட, சுவரில் ஈயத் தகடு ஒன்றைப் பதித்தனர். தகடு இல்லாத வீட்டை எரியவிட்டு இவர்கள் வேடிக்கை பார்த்தனர் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்குத் தக்க சான்று இல்லை என்பது இக்கால ஆராய்ச்சியாளர் கருத்து.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பெற்ற ஒரு சட்டம், தீப்பற்றிய இடத்திற்கு முதலில் வந்து சேரும் நீரிறைக்கும் பொறிக்கு 30 சில்லிங்கும், இரண்டாவதற்கு 20 சில்லிங்கும், மூன்றாவதற்கு 10 சில்லிங்கும் பரிசு என்று விதித்தது. விரைவுக்கு விலை வைத்த சட்டம் இது. ஆனால் நெருப்பு எங்கே என்னும் செய்திக்கு ஓர் ஒழுங்கை அஃது அமைக்கவில்லை. யாரோ ஒருவர் கூவிக்கொண்டு ஓடி வருவதும், வானத்தில் தெரியும் செவ்வொளியை நோக்கி வண்டியை இழுத்துச் செல்வதுமே நீண்ட காலம் வழக்கமாய் இருந்தன.

1833ஆம் ஆண்டில் காப்புறுதி நிறுவனங்கள் பத்து ஒன்றுசேர்ந்து, 80 பேர் கொண்ட ஒரே படையை நிறுவின. அதற்குத் தலைவராக வந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். 1800ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் பிறந்த இவர், தம் 24ஆம் அகவையிலேயே அந்நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைவரானவர். தெருவில் நின்று சன்னல் வழியே தண்ணீரை வீசுவது வீண் என்பது இவர் கொள்கை. கட்டடத்தினுள் நுழைந்து, புகைக்குக் கீழே தரையை ஒட்டியுள்ள நல்ல காற்றில் தவழ்ந்து சென்று, நெருப்பின் அடியிலேயே நீரைப் பாய்ச்ச வேண்டும் என்று இவர் கற்பித்தார். தனியே ஒருவரையும் உள்ளே போகவிடலாகாது என்றும் விதித்தார். இன்றைய வீரர்கள் உலகெங்கும் கைக்கொள்ளும் முறைக்கு இதுவே வேர்.

செய்தியின் குறையை இவரும் அறிந்திருந்தார். 1830ஆம் ஆண்டுகளில் ஓர் இரவு, இலண்டன் வானம் வடக்கே செக்கச் சிவந்தது. பெருந்தீ மூண்டது என்று கருதி 12 பொறிகளும் 74 வீரர்களும் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை அவ்வொளியைத் துரத்திச் சென்றனர். ஊரெல்லை கடந்து போன பின்னரே, தாம் துரத்தியது தீயன்று, வடதுருவத்தில் தோன்றும் இயற்கை ஒளி என்று கண்டனர். கேட்பதற்கு நகைப்பாக இருக்கலாம். ஆனால் அந்த ஏழு மணி நேரத்தில் நகரின் வேறொரு மூலையில் மெய்யாகவே ஒரு வீடு பற்றியிருந்தால், அங்கே செல்ல அப்பொறிகள் இருந்திரா.

தூலி தெருவின் சுவர்

1861ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் மாலை, இலண்டன் பாலத்திற்கு அருகில் தூலி தெருப் பண்டசாலைகளில் தீ மூண்டது. பருத்தியும், சணலும், கொழுப்பும், சருக்கரையும் அடுக்கியிருந்த கட்டடங்கள் அவை. ஒரு பகுதித் தீ மறு பகுதிக்குப் பரவாமல் தடுக்க அமைத்த இரும்புக் கதவுகள் அன்று மூடாமல் விடப்பட்டிருந்தன. களைத்துப்போன தம் வீரருக்கு ஊக்கம் தர நெருங்கிச் சென்ற பிரெய்ட்வுட்மீது ஒரு சுவர் சரிந்து விழுந்தது. அவர் உடலை மீட்க இரண்டு நாள் ஆயிற்று. அந்நெருப்பு முற்றும் அணைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆயிற்று.

இழப்பு 20 இலட்சம் பவுன் அளவினது என்று கணக்கிட்டனர். இனி ஒரு மாநகரைக் காக்கும் சுமையைத் தாங்கள் சுமக்க இயலாது என்று காப்புறுதி நிறுவனங்கள் அரசுக்கு அறிவித்தன. 1865இல் சட்டம் இயற்றப்பெற்று, 1866ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இலண்டன் தீயணைப்புப் படை பொதுமக்களின் உடைமை ஆயிற்று. தகடு உள்ள வீடு, இல்லாத வீடு என்ற பேச்சு ஒழிந்தது. நெருப்பு யார் வீட்டில் பற்றினும் அதனை அணைப்பது நகரின் கடன் என்னும் கொள்கை நிலைபெற்றது. அப்படைக்குத் தலைமை தாங்கிய மாசி ஷா, 1880 முதல் தெருக்களில் மின்கம்பியால் இணைத்த அறிவிப்புப் பெட்டிகளை நாட்டுவித்தார்.

இப்பெட்டிகளின் பிறப்பிடம் இலண்டன் அன்று, அமெரிக்கா. அவற்றின் பயனையும் குறையையும் உணர வேண்டுமாயின் நாம் சற்றே கடல் கடந்து செல்ல வேண்டும்.

342ஆம் பெட்டி

தந்தி முறை வழக்கிற்கு வந்த சில ஆண்டுகளுக்குள், பாஸ்டன் நகரத்து மருத்துவர் வில்லியம் சானிங் என்பாருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மனித உடலில் நரம்பு எவ்வாறு வலியை மூளைக்கு அறிவிக்கின்றதோ, அவ்வாறே தந்திக் கம்பி தீயின் செய்தியை ஒரு நடுவிடத்திற்கு அறிவிக்கலாகாதா என்று அவர் கருதினார். மோசஸ் பார்மர் என்னும் பொறிவல்லார் துணையுடன் 1852ஆம் ஆண்டில் பாஸ்டனில் அதனை அமைத்தும் காட்டினார். தெருமுனையிலுள்ள பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அப்பெட்டியின் எண் கம்பி வழியே நடுநிலையத்திற்குச் செல்லும். அங்கிருந்து நகரின் மணிகள் அவ்வெண்ணை ஒலிக்கும். மணி எத்தனை முறை அடிக்கின்றது என்று எண்ணி, எந்தத் தெருவுக்கு ஓட வேண்டும் என்று வீரர் அறிவர். ஓர் இடத்திற்கு ஓர் எண் என்பதே இம்முறையின் உயிர்.

சிக்காகோ நகரமும் இம்முறையைக் கைக்கொண்டது. 1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், ஞாயிறு இரவு ஒன்பது மணி அளவில், அந்நகரின் டிகோவன் தெருவில் ஒரு தொழுவத்தில் தீப்பற்றியது. முதல் நாள் இரவு நடந்த பெருந்தீயோடு போராடிய வீரர் களைத்துக் கிடந்தனர். பல வாரங்களாக மழை இல்லை. நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் காவல் நின்ற மத்தியாஸ் ஷாபர் ஒளியைக் கண்டார். இடைப்பட்ட புகையினூடே இடத்தைக் கணித்து, 342ஆம் பெட்டியின் எண்ணை அடிக்குமாறு கீழேயிருந்த தந்தி இயக்குநர் வில்லியம் பிரவுனுக்கு அறிவித்தார். அவ்விடம் தீயிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு.

சற்று நேரத்தில் ஷாபர் தம் தவற்றை உணர்ந்தார். 319ஆம் எண்ணை அடியுங்கள் என்று சொன்னார். பிரவுன் இசையவில்லை. ஒருமுறை அடித்த எண்ணை மாற்றினால் வீரர் குழம்புவர். 342ஐ நோக்கிச் செல்வோர் வழியிலேயே நெருப்பைக் கண்டுகொள்வர் என்பது அவர் கருத்து. தம் நிலையத்துக் காவற்காரரின் கண்ணையே நம்பிய ஒரு சிறு படை நேரே சென்று முதலில் சேர்ந்தது. அது போதவில்லை. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று தீக்கொள்ளிகளை ஆற்றுக்கு அப்பால் கொண்டு சென்றது. நீதிமன்றக் கோபுரமும் எரிந்து, அதன் பெருமணியும் வீழ்ந்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஓர் இலட்சம் பேர் வீடிழந்தனர். 17,500 கட்டடங்கள் சாம்பலாயின.

ஒரு பசு விளக்கை உதைத்ததனால் மூண்ட தீ என்னும் கதையை உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அஃது இட்டுக்கட்டியது என்று செய்தியாளர் ஒருவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1997ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மன்றம் அப்பசுவையும் அதன் உடைமைக்காரரையும் குற்றமற்றோர் என்று தீர்மானமே நிறைவேற்றியது. பசுவின் கதையை அறிந்தோர் பலர். 342ஆம் பெட்டியின் கதையை அறிந்தோர் சிலரே. அத்தவறு நேராதிருந்தால் சிக்காகோ பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. வறட்சியும் காற்றும் மரக் கட்டடங்களும் வீரரின் களைப்பும் சேர்ந்தே அந்நகரை அழித்தன. ஆனால் நெருப்பு ஒரு தொழுவத்தின் அளவில் நின்ற மணித்துளிகள் சில உண்டு; அவற்றை ஒரு தவறான எண் விழுங்கிவிட்டது. பிரவுன் சோம்பேறி அல்லர். தம் விதியைப் பின்பற்றியவர். விதியைவிடக் கண்கண்ட செய்தி பெரிது என்று முடிவு செய்ய வேண்டிய அந்தக் கணத்தில் அவர் விதியின் பக்கம் நின்றார். இச்செய்தியை மனத்திற்கொள்க, மீண்டும் இதனைச் சந்திப்போம்.

வரிசையில் நின்ற அழைப்பு

தொலைபேசி வந்தபின் செய்தி அனுப்பும் குறை தீர்ந்தது என்று மக்கள் கருதினர். தீரவில்லை. மீண்டும் இலண்டனுக்கு வருவோம். 1935ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் விடியலில், விம்போல் தெருவில் ஒரு மருத்துவரின் வீட்டில் தீப்பற்றியது. எதிர்வீட்டிலிருந்த ஒருவர் தொலைபேசியை எடுத்து இணைப்பகத்தை அழைத்தார். பிற அழைப்புகளோடு அவர் அழைப்பும் வரிசையில் நின்றது. நின்ற நேரத்தில் தீயணைப்பு வண்டி வேறொருவர் வாயிலாகச் செய்தி பெற்று வந்துவிட்டது. எனினும் அவ்வீட்டில் ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். தம் அழைப்புக்கு விடை கிடைக்காத அவர் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றம் வரை அது பேசப்பட்டது. ஆராய்ச்சிக் குழு அமைந்தது.

குழுவினர் எண்ணியது எளிய செய்தி. இணைப்பகத்துப் பெண் ஒருவர் முன்னே நூறு அழைப்புகள் வந்து நிற்கும்போது, அவற்றில் எது உயிர் காக்கும் அழைப்பு என்று அவர் எவ்வாறு அறிவார்? அதற்குத் தனி எண் வேண்டும். அவ்வெண் இருட்டிலும் புகையிலும் விரலால் தடவிக் கண்டுகொள்ளத்தக்கதாய் இருக்க வேண்டும். அக்காலத் தொலைபேசியின் சுழல் தட்டில், விரலைத் தடுத்து நிறுத்தும் முனைக்கு அருகில் இருப்பது 0. அதற்கு அடுத்தது 9. 0 ஏற்கெனவே இணைப்பகத்தை அழைக்கும் எண். 111 எனில், காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே அழைப்பு சென்றுவிடும். காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசியில் காசின்றி 9ஐச் சுழற்றும்படி மாற்றுவதும் எளிது. ஆகவே 999 என்று முடிவாயிற்று.

1937ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் இலண்டனில் இம்முறை தொடங்கியது. 999 சுழற்றப்பட்டால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும். உரத்த ஒலியும் எழும். மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு இதனை ஏற்பர். முதல் வாரத்தில் 1,336 அழைப்புகள் வந்தன. அவற்றுள் 91 வேடிக்கைக்காகச் செய்யப்பட்ட பொய் அழைப்புகள். நல்லது தொடங்கிய முதல் வாரத்திலேயே தீயதும் உடன் தொடங்கியது என்பது வருந்தத்தக்கதே. அவ்வெண் பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி நடந்த நாடுகள் பலவற்றிற்கும் பரவியது. மலேசியாவில் இன்றும் 999 வழங்குகிறது. சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999; தீயணைப்புக்கும் அவசர மருத்துவ வண்டிக்கும் 995.

கம்பி அறுந்தபோது

இரண்டாம் உலகப் போரில் இம்முறைக்குக் கடுஞ்சோதனை வந்தது. 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாளிலிருந்து 57 இரவுகள் தொடர்ந்து இலண்டன்மேல் குண்டுகள் விழுந்தன. போருக்கு முன்பே திரட்டப்பெற்ற துணைத் தீயணைப்புப் படையில் கடைக்காரரும், எழுத்தரும், தையற்காரரும், பெண்கள் பல்லாயிரவரும் சேர்ந்திருந்தனர். பெண்களில் பலர் கட்டுப்பாட்டு அறைகளில் அமர்ந்து, எந்தத் தெருவில் எத்தனை வண்டிகள், எங்கே தண்ணீர் உண்டு, எந்தச் சாலை இடிந்து கிடக்கிறது என்று கரும்பலகையிலும் படத்திலும் குறித்து ஆணை அனுப்பினர். கட்டடம் அதிரினும் இருக்கை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருந்தனர். தொலைபேசிக் கம்பி அறுந்தபோது, பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் எரியும் தெருக்களினூடே செய்தித் துண்டைக் கொண்டு ஓடினர்.

1941ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கிழக்கு இலண்டனில் தீயணைப்புப் படை தங்கியிருந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்தது. 34 பேர் ஒருங்கே மாண்டனர். அவருள் இருவர் பெண்கள். ஆங்கில நாட்டுத் தீயணைப்பு வரலாற்றில் ஒரே நிகழ்ச்சியில் இத்துணைப் பேர் வேறெப்போதும் மாண்டதில்லை. குழாய் பிடித்தவரும் செய்தி ஏற்றவரும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருந்தனர். மரணம் அவரிடையே வேற்றுமை பாராட்டவில்லை. நாம் மட்டும் ஏன் பாராட்ட வேண்டும்?

காணாமற் காண்போர்

அழைப்பை ஏற்போரின் தொழில் எத்தகையது? அவர் நெருப்பைக் காண்பதில்லை, கேட்கிறார். எதிர்முனையில் பேசுபவர் நடுங்குவார், அழுவார், மாறி மாறிச் சொல்வார். அவரிடம் முதலில் வினவ வேண்டியது, ‘எங்கே?’ என்பதே. என்ன எரிகின்றது, உள்ளே யாரேனும் உளரா என்பன அடுத்தே வரும். ஏனெனில், பேச்சு இடையில் அறுந்துபோயினும், இடம் தெரிந்தால் வண்டி புறப்பட்டுவிடும். இடம் தெரியாவிடின் மற்றவை எல்லாம் தெரிந்தும் பயனில்லை. சொல்லி முடிக்கும் முன்பே அருகிலுள்ள நிலையத்திற்கு ஆணை செல்லும். வண்டி ஓடத் தொடங்கிய பின்னும் அவர் அழைத்தவரோடு பேசிக்கொண்டிருப்பார். கதவைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா? இடுக்கில் ஈரத்துணியை அடையுங்கள், தரையோடு தாழ்ந்திருங்கள். பிரெய்ட்வுட் தம் வீரர்க்குச் சொன்னதை இவர் இன்று பொதுமக்களுக்குச் சொல்கிறார்.

இத்தொழிலின் சுமை எத்துணைப் பெரிது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டும். 2017ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள், இரவு 12 மணி 54 நிமிடத்திற்கு, இலண்டனில் கிரென்பெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பிலிருந்து முதல் அழைப்பு வந்தது. நான்காம் மாடியில் ஒரு சமையலறையில் பற்றிய தீ அது. அடுக்குமாடியில் ஒரு வீடு எரிந்தால் மற்ற வீட்டார் தத்தம் வீட்டிலேயே இருப்பது நல்லது என்பது நெடுங்கால விதி. சுவரும் கதவும் தீயைத் தடுத்து நிற்கும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த விதி அது. ஆனால் அக்கட்டடத்தின் வெளிப்புறத்தில் எளிதில் எரியும் பொருள் கொண்ட தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. தீ வெளிப்புறமாகவே மேலே ஏறியது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தோருக்கு அக்கட்டடத்தைக் காண வழியில்லை. மேல்மாடிகளிலிருந்து ஒருவர்பின் ஒருவராக அழைத்தோரிடம், விதிப்படி, உள்ளேயே இருங்கள், வீரர் வருவர் என்று சொன்னார்கள். அங்கே நின்ற வீரர் கண்டது அறைக்கு எட்டவில்லை. அறையில் கேட்டது வீரருக்கு முழுமையாகச் சேரவில்லை. அதிகாலை 2 மணி 47 நிமிடத்திற்கே விதி கைவிடப்பட்டது. 1 மணி 30 நிமிடத்திற்கும் 1 மணி 50 நிமிடத்திற்கும் இடையிலேயே அதைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. 72 பேர் உயிரிழந்தனர்.

சிக்காகோவின் பிரவுனை இங்கே நினைத்துப் பாருங்கள். 146 ஆண்டு இடைவெளி. கம்பிக்குப் பதில் கணிப்பொறி. ஆயினும் கேள்வி ஒன்றே: கையிலுள்ள விதி ஒன்று சொல்ல, வரும் செய்தி வேறொன்று சொன்னால் எதனை நம்புவது? இலண்டனிலேயே 2009ஆம் ஆண்டில் லக்கானல் மாளிகை என்னும் அடுக்குமாடியில் ஆறு பேர் மாண்டபோது இதே பாடம் கிடைத்திருந்தது. அதனை முற்றக் கற்கவில்லை என்பதே விசாரணையின் துயர முடிவு. தனியொருவர் மீது பழியைச் சுமத்துவது எளிது. ஆனால், கண்ணில்லா அறையில் ஒருவரை அமர்த்தி, மாறாத விதி ஒன்றை மட்டும் அவர் கையில் கொடுத்தோர்க்கும் அதில் பங்குண்டு. அவ்வறையில் இருந்தோர், தாம் பேசிக்கொண்டிருந்த குரல் ஓய்ந்துபோவதைக் கேட்டவர்கள். தீயின் வடு அவர் தோலில் இல்லை, செவியில் உண்டு.

நம் ஊரில்

மலாய் மொழியில் தீயணைப்புப் படைக்குப் பொம்பா என்று பெயர். போர்த்துக்கீசிய மொழியில் நீர் இறைக்கும் பொறியைக் குறித்த சொல் அது. நம் மக்களும் பேச்சில் பொம்பா என்றே சொல்வதுண்டு. தண்ணீரைக் கொண்டு பெயரிட்டனர், இயல்பே. செய்தியைக் கொண்டு யாரும் பெயரிடவில்லை.

சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், ஹாஜிப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்து அத்தாப்பு வீடுகளில் தீ மூண்டது. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் ஒரே மாலையில் வீடிழந்தனர். நெருங்கிய குடிசைகளும் குறுகிய சந்துகளும் வீரரை உள்ளே விடவில்லை. பின்னர் அவ்விடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அத்தகைய வீடுகளின் பக்கச் சுவரில் தொலைவிலிருந்தும் தெரியுமாறு பெரிதாக எண் எழுதியிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அஞ்சற்காரருக்கும் விருந்தினருக்கும் மட்டும் உரியதன்று அவ்வெண். ஓர் இடத்திற்கு ஓர் எண் என்று பாஸ்டன் மருத்துவர் கண்ட கருத்தின் வழித்தோன்றல் அது. தேவை வந்த அன்று ஓர் உயிரின் விலை அது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தீயணைப்பு நிலையத்தைக் காட்ட மாணவரை அழைத்துச் செல்லும்போது, வண்டியையும் ஏணியையும் கண்டு அவர்கள் மகிழட்டும். கோபுரத்தையும் காட்டுங்கள். அதன் உச்சியில் நின்ற கண்களுக்குப் பதிலாக இன்று ஓர் அறையில் செவிகள் விழித்திருக்கின்றன என்று சொல்லுங்கள். பின் ஒவ்வொரு பிள்ளையிடமும், “உன் வீட்டின் கட்டட எண் என்ன? தெரு எது? எத்தனையாவது மாடி?” என்று கேளுங்கள். தயங்காமல், குழறாமல், அவன் தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ விடை சொல்லப் பழகட்டும். விளையாட்டுக்காக அவ்வெண்ணை அழைப்பது, வேறொருவர் அழைப்பை வரிசையில் நிறுத்துவதாகும் என்பதையும் உணரட்டும்.

இலண்டன் மேயருக்குச் செய்தி வந்தது, அவர் உணரவில்லை. சிக்காகோவில் உணர்ந்தார், எண் தவறியது. விம்போல் தெருவில் எண் இருந்தது. அழைப்பு வரிசையில் நின்றது. கிரென்பெல்லில் அழைப்பு ஏற்கப்பட்டது, ஏற்றவருக்குக் கண்ணில்லை. ஒவ்வொரு குறையும் உயிர்களைக் கொடுத்துக் கண்ட பின்னரே நீங்கியது. இறுதிக் குறை இன்னும் முற்ற நீங்கவில்லை. குழாயில் நீர் பாய்வதற்கு முன் ஒரு குரல் பாய்கிறது. அக்குரலைத் திருத்தமாகச் சொல்வது நம் பங்கு. திருத்தமாகக் கேட்போரைத் தீயணைப்பு வீரர் வரிசையில் வைத்து எண்ணுவதும் நம் கடன்.